மேசைக்குக் கீழே ஒரு படம்

மண்புழுவைப் பார்த்துக் கணக்கு டீச்சர் போட்ட கூச்சலில் எலுமிச்சை மரத்திலிருந்த குருவிகளெல்லாம் பறந்துவிட்டன. பாவம், அவர்தான் என்ன செய்வார். மசாஜ் மேசையின் தலைமாட்டில் முகத்தைப் பதித்துக்கொள்ள வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். குப்புறப் படுத்தவர் அதன் வழியாக மூச்சுவிடலாம், வேண்டுமானால் தரையைப் பார்க்கலாம். கடைத்தெருவில் அறை வைத்துத் தொழில் நடந்த காலத்தில் கீழே வழவழவென்ற தரை. பார்க்க ஒன்றுமில்லாததால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நோய் வந்து அடைத்த அறைக்குள் ஆளைத் தொடக்கூடாது என்று ஆனபிறகு, மேசை வீட்டின் பின்புறம் திறந்தவெளிக்கு வந்துவிட்டது. மேலே ஒரு தார்ப்பாய், பக்கத்தில் துணி காயும் கொடி, ஓட்டைக்குக் கீழே மண். மண்ணென்றால் அதில் ஏதாவது நெளியத்தான் செய்யும்.

"ஒண்ணுமில்ல டீச்சர், மண்புழுதான். அது பாட்டுக்குப் போயிடும்" என்று மசாஜ் செய்துகொண்டிருந்த அவள் டீச்சரின் தோளைப் பிடித்து மறுபடி படுக்கவைத்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகக்கவசத்துக்குள் எவ்வளவு சிரித்தாலும் யாருக்கும் தெரியாது என்பது அந்த நாட்களில் கிடைத்த ஒரே சௌகரியம். ஆனால் தோள் குலுங்குவதை வைத்தே மாடி ஜன்னலில் இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார். அவரும் சேர்ந்து சிரித்த சத்தம் கீழே வரை கேட்டது. டீச்சருக்கு அது யாரென்று தெரியும் என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

மாடியில் இருந்தது அவள் வீட்டுக்காரர். தையல்காரர். நோய் வருவதற்கு முந்தைய வருடம்தான் அவருக்குக் கிட்னி மாற்றியிருந்தார்கள். கொடுத்தது அவருடைய அக்கா. வந்து சேர்ந்த கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை போட வேண்டும்; அந்த மாத்திரையைப் போட்டால் ஒரு சின்னக் காய்ச்சலோடு மல்லுக்கட்டக்கூட உடம்பில் தெம்பிருக்காது. ஆகவே ஒன்று அவள் தொழிலை விட வேண்டும், இல்லையென்றால் இருவரும் விலகி இருக்க வேண்டும். தையல் கடைப் பக்கம் ஈ காக்கை இல்லை. அவள் கையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர் தையல் மிஷினோடு மாடியறைக்குப் போய்விட்டார். வெளிப்படிக்கட்டு அவருக்கு, கீழ்த்தளம் அவளுக்கு. சாப்பாடு கயிற்றில் கட்டிய கூடையில் மேலே போகும். பாத்திரம் அதே கூடையில் இறங்கி வரும்.

நாத்தனார் போன் செய்யாத வாரமில்லை. தம்பி மாத்திரை போட்டானா, தண்ணீர் குடிக்கிறானா என்று விசாரித்துவிட்டு, வைக்கும்முன் ஒருமுறை சொல்லிவிடுவார்: "என் உடம்புல ஒரு பாகத்த உன்கிட்ட ஒப்படைச்சிருக்கேன், ஞாபகம் வச்சுக்க. ஊரார் முதுகெல்லாம் தொட்ட கையோட நீ அவன் பக்கத்துல போனேன்னா, நீயே அவனக் கொன்ன மாதிரி." கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிர். கத்திக்குப் படுத்தபோது ஒரு நொடி யோசிக்கவில்லை. பேச்சுதான் எப்போதும் வெடுக்கென்று வரும். மற்றதையெல்லாம் அவள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. கூடையில் சோற்றை வைக்கும்போதெல்லாம் அது கேட்டது.

மண்புழு விவகாரம் நடந்த மறுநாள் காலையில் கூடையோடு ஒரு துணியும் இறங்கியது. வெட்டி மிச்சமான துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ஒரு மீன். செதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், கண்ணுக்கு ஒரு சட்டைப் பொத்தான். "ஓட்டைக்குக் கீழ விரிச்சு விடு. இனிமே யாரும் அலற வேண்டாம்" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. டீச்சருக்கு மீனைப் பிடித்துப்போய், அடுத்த தடவை வரும்போதே இன்றைக்கு என்ன படம் என்று கேட்டார். அவ்வளவுதான், மனிதருக்குக் கை நிற்கவில்லை. சுருண்டு தூங்கும் பூனை வந்தது. காற்றில் பிடுங்கிக்கொண்டு போகும் குடை வந்தது. இடுப்புவலிக்கு வருகிற பஸ் டிரைவருக்காகத் தனியாக ஒரு பஸ் தைத்தார். ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த பயணிகள் எல்லோருக்கும் முகக்கவசம். அதைப் பார்த்து டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் அவருடைய பாதிப் பிடிப்பு தானாகவே இளகிவிட்டது.

படம் மட்டும் என்றால் பரவாயில்லை, மேலேயிருந்து வைத்தியமும் நடக்கும். "அவருக்கு வலது தோள் இறக்கம். சட்டை தைச்சா அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கித் தைக்கணும்" என்று படுத்திருக்கும் ஆளைப் பற்றி ஆளுக்கே கேட்கும்படி சொல்வார். ஜன்னலைச் சாத்துங்கள் என்று அவள் அதட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் வலது தோள் இறக்கமாகத்தான் இருக்கும். அதை அவரிடம் ஒப்புக்கொண்டால் அப்புறம் கையில் பிடிக்க முடியாது என்று சொல்லாமல் விட்டுவிடுவாள்.

அவளுக்கென்று தொழிலில் இரண்டு பழக்கம் உண்டு. யார் வந்து படுத்தாலும் எடுத்தவுடனே அமுக்க மாட்டாள். இரண்டு உள்ளங்கையையும் முதுகில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பாள். படுத்தவரிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வரும். அது வந்த பிறகுதான் வேலை. இன்னொன்று, படுத்தவர் கை மேசைக்கு வெளியே வரக்கூடாது. கடை அறையில் ஒருவன் தூங்குகிற பாவனையில் கையைத் தொங்கவிட்டு அவள் காலை உரசினான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு என்று அந்த நிமிடமே அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து கணக்கு டீச்சரானாலும் சரி, டீச்சருடைய அம்மாவானாலும் சரி, படுக்கும்முன் அவள் சொல்வது அதுதான்.

ஒரு மழை நாளில் மேசையைத் தனியாளாக உள்ளே இழுக்கும்போது மேசைக்கால் நழுவி அவள் காலின் பெருவிரலில் விழுந்தது. உயிர் போய் வந்தது. நிமிர்ந்தால் ஜன்னலில் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு முனகல் கேட்டால் போதும், படிக்கட்டில் ஓடி வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். நகம் கறுத்துப்போயிற்று. வருகிறவர்களெல்லாம் ஓட்டை வழியாக அவள் காலைத்தானே பார்க்கிறார்கள், ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அவருக்கு மட்டும் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் மேலேயிருந்து அவள் உச்சந்தலையை. வகிட்டில் நரை ஏறுவதை அவளுக்கு முன்னால் அவர்தான் பார்த்துச் சொன்னார். அவள் முகத்தைத்தான் யாருமே பார்க்கவில்லை.

பிறகு ஒருவழியாகத் தடுப்பூசி வந்தது. இருவரும் போட்டுக்கொண்டார்கள். ஊரில் நோயும் தணிந்தது. இனிமேல் கொஞ்சம் ஜாக்கிரதையோடு சேர்ந்தே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொன்ன மறுநாளே அவர் முகம் மழித்து, தானே தைத்த புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு படியிறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றார். இந்த நாளைப் பற்றி அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். வந்ததும் என்ன செய்வது, என்ன பேசுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள். அவர் ஓரடி எடுத்து வைத்ததும் அவள் கால் தானாகப் பின்னால் போயிற்று. டீயை நீட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவர் அதைக் கவனித்தார். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு எல்லாம் சாக்குப்போக்குதான். முதுகு வலிக்கிறது, தரையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். இன்றைக்கு நிறையப் பேர் வந்தார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நாத்தனார் போனில் கேட்டபோது, வாழ்க்கையிலேயே முதல்முறையாக நாத்தனார் பேச்சு அவளுக்கு வசதியாக இருந்தது. ஒரு பிற்பகல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டியவள், பாதியில் இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக் கழுவி விரலிடுக்கில் ஏற்கனவே தோல் உரிந்திருந்தது. ஊரில் பாதிப் பேர் முதுகு இந்தக் கைக்கு மனப்பாடம். கட்டின புருஷன் முதுகு மறந்துபோய்விட்டதோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எம்மேல கோவமா?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

அதெல்லாம் இல்லை என்றாள். பின்னே என்ன என்றதற்கு, உங்கள் அக்காதான் இன்னும் கொஞ்ச நாள் என்கிறார் என்று முணுமுணுத்தாள்.

"அக்கா குடுத்தது ஒரு கிட்னி. மிச்சமெல்லாம் என்னோடதுதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, "பயமா இருக்குங்க" என்றாள். "என் கையாலயே உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு."

அவர் டீ குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் காலை டிரைவருக்கு டூட்டி மாறிவிட்டதென்று போன் வந்தது. விரித்த மேசையை மடக்கலாமா என்று அவள் நின்றிருந்தபோது பக்கவாட்டுக் கேட்டில் மணி அடித்தது. வாடிக்கைக்காரர்கள் வருகிற வழி அது. தோளில் துண்டு, முகத்தில் கவசம், கேட்டுக்கு வெளியே பவ்யமாக நிற்கிறார் வீட்டுக்காரர்.

"டிரைவர் வரலன்னு கேட்டுச்சு. அந்த எடம் காலியா இருக்கா?"

"விளையாடாதீங்க."

"விளையாடல. மிஷின்ல குனிஞ்சு குனிஞ்சு தோள் போச்சு. நீ என்னை வீட்டுக்காரனா பாக்க வேணாம். வர்றவங்கள்ல ஒருத்தரா பாரு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டைத் திறந்தாள். எல்லோருக்கும் செய்கிறபடியே செய்தாள். நெற்றிக்கு நேராகக் கருவியைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தாள். குழாயைக் காட்டினாள், அவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். இருமல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது?

"வீட்ல என் சம்சாரம் மட்டுந்தான். அவ பக்கத்துலயே வர்றதில்ல."

ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா என்று வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆமாம், ஒன்று நடந்திருக்கிறது, குப்புறப் படுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அவர் பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது போலச் சொன்னார். அடிவயிற்றில் அக்காவின் கிட்னி இருக்கும் பக்கத்துக்கு அணைவாக அவள் ஒரு மெத்தென்ற தலையணையை வைத்தாள். கை மேசைக்கு வெளியே வரக்கூடாது என்றாள். சரி என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். கழுத்து வரை துணியைப் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் போய் நின்றாள்.

"எனக்கு மட்டும் படம் கிடையாதா?" என்று ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாத்தையும் தொவைச்சுப் போட்டிருக்கேன். கொடில காயுது."

பரவாயில்லை என்றார். போர்வைத் துணியை இடுப்பு வரை மடித்தாள். வெயில் படாத வெளுத்த முதுகு. தோள்பட்டை எலும்பு முன்னைவிடத் தூக்கிக்கொண்டிருந்தது. இடது தோள் நல்ல இறக்கம். ஊரார் தோளையெல்லாம் கண்டுபிடித்தவருக்குத் தன்னுடையது தெரிந்திருக்காது. கையை மறுபடி ஒருமுறை கழுவித் துடைத்துவிட்டு வந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து முதுகுக்கு நேராகக் கொண்டுபோனாள். ஒரு சாண் உயரத்தில் கைகள் நின்றுவிட்டன. இறங்கு, இறங்கு என்று மனசு சொல்கிறது, இறங்கவில்லை. நீயே அவனைக் கொன்ற மாதிரி, நீயே அவனைக் கொன்ற மாதிரி என்று காதுக்குள் ஓடுகிறது. இன்னொரு நாள் பார்க்கலாம், எழுந்திருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நகத்துக்கு என்ன ஆச்சு?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"மேசை விழுந்துடுச்சு. போன மழைல, உள்ள இழுக்கும்போது."

"நான் ஜன்னல்லதான நின்னேன்."

"ஆமா."

"கைய ஆட்டுனியே."

"ஆமா."

தார்ப்பாயின் ஓரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை மெதுவாக மேசையின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்தது. தொங்கியது. கீழே துழாவி அவள் பாதத்தைக் கண்டுபிடித்தது. ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன விரல்நுனி கறுத்த நகத்தின்மேல் வந்து, பட்டுத்துணியின் இழையைத் தடவிப் பார்ப்பது போல, அழுத்தாமல் நின்றது. வேறு நேரமாக இருந்தால் காலையெல்லாம் தொடாதீர்கள் என்று பதறி இழுத்துக்கொண்டிருப்பாள். கையை உள்ளே எடுங்கள் என்று வாய்வரை வந்ததையும் அவள் சொல்லவில்லை. பாதத்தின்மேல் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. தார்ப்பாயின் ஓரத்துக்கு வெளியே அண்ணாந்து பார்த்தாள். வானம் பளிச்சென்று இருந்தது.

அவள் உள்ளங்கைகள் இறங்கி அந்த முதுகில் படிந்தன. வழக்கம்போல அமுக்காமல், அந்த நீண்ட மூச்சு வரட்டும் என்று காத்து நின்றாள். வரவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. தானும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துத் தெரிந்தது. கொடியில் பூனையும் மீனும் காய்ந்துகொண்டிருக்க, பஸ் மட்டும் முகம் மூடிய பயணிகளோடு காற்றில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது.