பீரோவில் பதினோரு நாள் இருந்த தீவு

அது ஞாயிற்றுக்கிழமையா திங்கட்கிழமையா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. படகுக்காரர் திங்கள் என்று சாதிக்கிறார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் நால்வரும் ஞாயிறன்று விடுப்பு எடுத்ததாக இருக்கிறது. ஆடுகள் ஏழா எட்டா என்பதும் மறந்துபோயிற்று. ஆனால் அந்தத் தீவு ஒரு படுக்கை விரிப்புக்குள் மடிக்கப்பட்டு, கோட்டானின் பீரோவில் இரண்டாவது தட்டில் பதினோரு நாள் இருந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கோட்டான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவள். அதிகம் பேசமாட்டாள் என்பதால் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்து, பிறகு அதிலும் பாதியைச் சோம்பலில் விட்டுவிட்டார்கள். விரிப்பு மடிப்பது இருவர் வேலை. ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து எதிரெதிரே நின்று, ஒரு உதறு உதறி, முனையோடு முனை சேர்த்து, நடந்துவந்து கையில் கொடுத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். அவளுக்கு எதிர்முனையில் பத்தொன்பது வருடமாக நின்றவள் நெட்டை. நாளுக்கு இருநூறு தடவை அவர்கள் கைகள் தொட்டுக்கொண்டன. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று கோட்டான் நினைத்திருந்தாள். பிறகு, கடலுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டிருந்த நெட்டையின் மகள் தலைப்பிரசவத்துக்கு அம்மாவை அழைத்தாள். வந்தால் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். நெட்டை வேலையை விட்டாள், கப்பலுக்குச் சீட்டு எடுத்தாள். போகாதே என்று சொல்லக் கோட்டானுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுவதும் அவள் விரிப்பு மடித்தாள்.

வழியனுப்பும் விதமாகத் தீவுக்கு ஒருநாள் போய்வரலாம் என்றது சலவைக்கூடத்தின் மேற்பார்வை அக்கா. நான்காவது ஆள் இஸ்திரி போடும் வாயாடி. கடல் அன்று அவ்வளவு தெளிவாக இருந்ததால் படகின் நிழல் அடிமணலில் அவர்களுக்கு முன்னே நடந்துபோனது. தீவில் வெள்ளை மணல், சரிவாக ஒரு புல்வெளி, ஆளில்லாமல் தானே எரியும் கலங்கரை விளக்கம், ஆடுகள். வேறு யாருமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நீலக்கரை விரிப்பை மணலில் போட்டுச் சாப்பிட்டார்கள், படுத்தார்கள். வாயாடி தன் நாத்தனாரைப் பற்றிய ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே தூங்கிப்போனாள். மேகங்கள் நகரவில்லை. கோட்டான் மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவை, "கைல எறும்பு" என்றாள். நெட்டை எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது இருவரும் பழக்கத்தில் விரிப்பின் முனைகளைத் தூக்கினார்கள். உதறாமல் மடிக்காதே என்பது சலவைக்கூடத்தின் சட்டம். மடிப்புகளுக்குள் பல்செட்டே கிடைத்திருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகக் கோட்டான் உதறவில்லை. உதறினால் அந்த நாள் முடிந்துவிடும் போலிருந்தது. இரண்டு, நான்கு, எட்டு என்று மடித்துக் கைகள் கடைசியாகச் சேர்ந்தபோது நால்வரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். நீர் ஏறுகிறது என்று நினைத்துப் படகில் ஏறிக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனபின் படகுக்காரர் திரும்பிப் பார்த்து, "அக்கா, இங்க ஒரு தீவு இருந்துச்சே?" என்றார்.

"மொதல்ல நீ ஒரு கண்ணாடி வாங்கிப் போடுப்பா" என்றாள் வாயாடி.

வீட்டில் விரிப்பை பீரோவில் வைத்த சற்று நேரத்திலேயே கோட்டானுக்கு விஷயம் புரிந்தது. உள்ளே ஆடு கத்தியது. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை சாவித்துவாரத்தில் வெளிச்சம் வந்துபோனது. மறுநாள் துறைமுகத்தில் எல்லாக் கப்பல்களையும் நிறுத்திவிட்டார்கள்; தீவையும் விளக்கையும் பார்த்துத்தான் மாலுமிகள் கப்பலைத் திருப்புவது வழக்கம். அதிகாரிகள் போய் ஆழம் அளந்து பார்த்து, கடல் மட்டும் இருப்பதாக எழுதிக்கொடுத்தார்கள். கோட்டான் பீரோவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தீவு உள்ளே இருக்கும்வரை நெட்டை போக முடியாது. வாடகை அறையை ஏற்கெனவே காலிசெய்திருந்த நெட்டை, பெட்டியோடு கோட்டான் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். இருவரும் சேர்ந்து சமைத்தார்கள், ஜன்னலருகே மணிக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டான் தன் வாழ்வில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, அவ்வளவு பயந்ததுமில்லை. அறைக்குள் மெல்லக் கடல்காற்று வீசியது. துணியெல்லாம் உப்பு பூத்தது.

பதினோராம் நாள் மதியம் மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. இன்னும் ஒரு வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நெட்டை போனை வைத்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பீரோவுக்குள் ஆடு கத்தியது.

"அதுக்குப் புல்லு தீந்துபோச்சு போல" என்றாள் நெட்டை.

கோட்டான் தரையைப் பார்த்தாள். "எப்பலேருந்து தெரியும்?"

"மடிக்கும்போதே. நீ உதறல. கையில கனமா இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ ஏதாவது சொல்லுவேன்னு பாத்தேன். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறவங்களப் பாத்திருக்கேன். தீவ பீரோவுல மறைச்சவ நீ ஒருத்திதான்டி."

துவாரத்தில் வெளிச்சம் பலமுறை வந்துபோனது. பிறகு கோட்டான், "போகாதேடி" என்றாள்.

நெட்டை சீப்பைக் கீழே வைத்தாள். "இத ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். ஆனா கேட்டுட்டுப் போயிருப்பேன்ல."

"இப்பக் கேட்டுட்டியே."

"கேட்டுட்டேன். சாவியக் குடு."

அன்று மாலையே இரண்டு படகுகளில் போய், ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்துப் பின்வாங்கி, விரிப்பை நன்றாக உதறினார்கள். ஈரத்துணி அறைவதைப் போன்ற சத்தத்தோடு தீவு விழுந்தது. பழைய இடத்திலிருந்து நாற்பது அடி தெற்கே விழுந்துவிட்டதால் துறைமுகத்தார் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்கள். தீவின் குறுக்கே ஒரு மடிப்புக்கோடு இருக்கிறது. அதில் புல் முளைப்பதில்லை. வருகிறவர்கள் நடக்க வசதியாக இருக்கிறது என்கிறார்கள்.

மறுநாள் காலை கப்பல் கிளம்பியது. நெட்டைக்குப் பேத்தி பிறந்தாள். அவள் திரும்பி வரவில்லை. அக்கா ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறது. வாயாடி நாத்தனாரோடு சமாதானமாகிவிட்டாள். படகுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டார். கோட்டானுக்கு எதிர்முனையில் இடதுகைக்காரி ஒருத்தியைப் போட்டார்கள். ஆறு மாதம் விரிப்புகள் கோணலாக வந்தன. இப்போது நேராக வருகின்றன.