மாக்சின் வீட்டுக் கதகதப்பு

மின்சாரக் கம்பெனியின் காத்திருப்புப் பாட்டு நான்காவது தடவையாக முதலிலிருந்து தொடங்கியபோது, பெவர்லி ஹோல்ட்பி செல்போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேசைமேல் வைத்தாள். வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டு, மடியில் வெந்நீர் ஊற்றிய ரப்பர் பை. டிசம்பர் மாதம். மணி இன்னும் நான்கைத் தொடவில்லை, அதற்குள் இங்கிலாந்துக் கடலோர ஊரான கிரிம்ஸ்பியில் இருட்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, இடுப்பளவு வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மாக்சினுடைய கண்ணாடி அறையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மாக்சின் கையில்லாத ரவிக்கை ஒன்றைப் போட்டுக்கொண்டு நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பூசிய விரலை விரித்து ஊதினாள், தள்ளிப்பிடித்து அழகு பார்த்தாள். பெவர்லிக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டிலேயே கொஞ்சம் சூடாக இருந்த இடம் அந்த வயிறுதான்.

இரண்டும் ஒட்டிக்கட்டிய வீடுகள். நடுவில் ஒரே சுவர். அதே ஜன்னல், அதே மாடிப்படி, வீட்டைச் சூடாக்க அதே வயதான பாய்லர். மாக்சின் வீட்டில் கூடுதலாக இருப்பது பின்பக்கம் ஒட்டவைத்த அந்தக் கண்ணாடி அறை மட்டும்தான். கண்ணாடிக் கூரை, கண்ணாடிச் சுவர். அதைச் சூடாக்குவது தெருவைச் சூடாக்குவதற்குச் சமம். அப்படியிருக்க, போன வாரம் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்துவந்தபோது மாக்சின் சொன்னாள்:

"எனக்குக் கரண்ட் காசு குறைச்சிட்டாங்க பெவ். இத்தனை நாளா கூடக் கட்டிட்டேனாம், கொஞ்சம் திருப்பி வேற அனுப்பியிருக்காங்க. அதுலதான் இந்த பூட்ஸ் வாங்கினேன். எப்படி இருக்கு?"

"அம்சமா இருக்கு" என்றாள் பெவர்லி. உள்ளே வந்து கெட்டிலைப் போட்டவள், கொதித்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றாள். அன்று சாயங்காலமே அவளுக்கும் மின்சாரக் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் தொகை நூற்றுப் பன்னிரண்டு பவுண்டிலிருந்து இருநூற்றுப் பத்தொன்பதாக உயர்கிறதாம். உங்கள் நலன் கருதி என்று வேறு போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வாரத்துக்கு நான்கு மதியம் உருளைக்கிழங்கு மசித்துப் பரிமாறுகிற சம்பளம் அவளுக்கு. புருஷன் நெவில், மீன் குளிர்பதனக் கிடங்கில் முப்பது வருஷம் வண்டி ஓட்டி, முட்டி போய், முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவன். இருநூற்றுப் பத்தொன்பது போனால் கோடையில் மேபிள்தார்ப் கடற்கரையில் ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கிற கேரவன் வண்டிவீடு போச்சு. வருஷத்தில் அந்த ஒரு வாரம்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேசிக்கொள்வது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

நெவில்தான் ஆச்சரியப்படுத்தினான். நாலு பென்ஸ் மிச்சம் என்று பெயின்ட் டப்பாவுக்கு ஊர்க்கோடிவரை போகிறவன், மின்னஞ்சலைப் படித்துவிட்டு, "விடு பெவ், கட்டிடலாம்" என்றான். "குளிருதுன்னா கோட்டைப் போட்டுக்கயேன்" என்று கோட் மாட்டும் ஆணியிலிருந்து எடுத்துவந்து அவனே தோளில் போர்த்தியும் விட்டான். அப்படி அவன் செய்து வருஷக்கணக்காகிறது. அந்தக் கரிசனத்தில் அவள் கொஞ்சம் உருகித்தான் போனாள். அதனாலேயே கோட்டை இன்னும் கழற்றாமல் இருந்தாள்.

மாக்சின் மேல் அவளுக்கு எப்போதும் இப்படி இருந்ததில்லை. மாக்சினின் புருஷன் ராய், மூச்சுவிட முடியாமல், மாடி ஏறமுடியாமல், அந்தக் கண்ணாடி அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டுக் கிடந்தபோது பெவர்லிதான் நாள் தவறாமல் சூப் கொண்டுபோனாள். நெவில் கட்டிலை ஏற்றினான், இறக்கினான், எதையெதையோ மாட்டிக்கொடுத்தான். நோயாளி கிடக்கிற வீட்டைப் பார்த்து யாருக்குப் பொறாமை வரும்? அது வந்ததெல்லாம் பிறகுதான். ராய் போய் ஆறு மாதத்தில் மாக்சின் முடியைக் குட்டையாக வெட்டிச் சிவப்புச் சாயம் போட்டாள். அழுது முடித்தவள்போலச் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. 'எனக்கு அறுபது வயசு, இவளுக்கும் அறுபது வயசு, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இத்தனை உற்சாகம்?' என்று சுவருக்கு இந்தப் பக்கம் பெவர்லி பொருமினாள். மாக்சின் வீட்டுக் கூரைத் தண்ணீர்க்குழாயைச் சரிசெய்ய நெவில் முட்டிவலியோடு ஏணி ஏறினான். சொந்த வீட்டுக் குழாய் இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது.

"வணக்கம், நான் கேலம் பேசறேன். மிசஸ் ஹோல்ட்பிங்களா?" சின்ன வயசுக் குரல். சளி பிடித்திருந்தது.

அவள் மூச்சுவிடாமல் கொட்டித்தீர்த்தாள். ஹீட்டரைத் தொடுவதில்லை, துணியைக் கையால்தான் பிழிகிறேன், டிவியைக்கூடப் போர்வைக்குள்ளிருந்து பார்க்கிறேன். பிறகு எதற்கு இரண்டு மடங்கு?

"போன குளிர்காலத்துலயே நீங்க கட்டினதைவிட அதிகமா செலவாயிருக்கு மேடம். அந்தப் பாக்கியும் சேர்ந்திருக்கு. இந்த வருஷமும் அப்படித்தான் போகுது. குளிர் ஆரம்பிச்சா உங்க வீட்டுல பகல் முழுக்க ஏதோ பெருசா ஒண்ணு ஓடுது. ராத்திரி பத்து மணிக்கு மேல நிக்குது."

"எங்க வீட்டுல நிக்காம ஓடறது குளிர்ல ஒழுகற என் மூக்கு ஒண்ணுதான் தம்பி."

கேலம் சிரித்துவிட்டான்.

"நான் ஒண்ணு கேக்கறேன். எங்க மீட்டரும் பக்கத்து வீட்டு மீட்டரும் மாறிப் போயிருக்கலாம் இல்ல? இரட்டை வீடு. அவ கட்டவேண்டியது என் தலையில விழுது. பக்கத்து வீட்டுக்கு மாசம் எவ்வளவு பிடிக்கிறீங்க, சொல்லு."

"அதெல்லாம் சொல்லக் கூடாது மேடம்."

"நீ சொல்லவேணாம். அவளே சொல்லிட்டா. அந்தக் காசுல பூட்ஸ் வாங்கியிருக்கா."

மீட்டர் மாறிப் போயிருக்கும் என்ற எண்ணம் வந்ததிலிருந்து பெவர்லி அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஒத்துக்கொள்ளும், இரண்டு வருஷக் காசையும் மாக்சினிடமிருந்து பிடித்து இவளிடம் கொடுக்கும், மாக்சின் அந்த பூட்ஸோடு வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்பாள், இவள் பெருந்தன்மையாக, பரவாயில்லை என்பாள். குளிருகிறதென்றால் தோளில் ஒரு சால்வை போட்டுக்கொள் என்றும் மாக்சினிடம் சொல்லலாம். இதை நினைத்தால் குளிர்கூடத் தெரியவில்லை.

"சரி, ஒரு சோதனை பண்ணிப் பாப்போம். வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் அணைச்சிட்டு மீட்டரைப் பாருங்க" என்றான் கேலம்.

அவள் உற்சாகமாக எழுந்தாள். பாய்லர், டிவி, மாடி விளக்குகள், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பிளக்கையும் பிடுங்கினாள். தோட்டத்துக் கோடியில் நெவிலின் மரக்கொட்டகை இருந்தது. அது அவன் ராஜ்யம், அவள் கால் வைக்கிறதில்லை. பின்கதவைத் திறந்து கூப்பிட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"கொட்டகையில ஏதாவது ஓடுதா?"

"ஒரு பல்புதான். அணைச்சாச்சு. எதுக்கு?"

"மீட்டரைச் சோதிக்கிறோம். கம்பெனிப் பையன் லைன்ல இருக்கான்."

நெவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கத் தொடங்கினான். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பின்கதவை ஒட்டின அலமாரிக்குள் இருந்தது மீட்டர். இருட்டிய சமையலறையில் அதன் சிவப்புப் புள்ளி விளக்கு படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகச் சிமிட்டும் என்றான் கேலம்.

"சும்மா ஓடித் தள்ளுது" என்றாள் பெவர்லி. அவள் குரலில் இருந்தது சந்தோஷம் என்று கேலமுக்கே தெரிந்திருக்கும். "எங்க வீட்டுல ஒண்ணுமே இல்ல, கும்மிருட்டு. நான் சொன்னேனா இல்லையா? அது அவ வீட்டுது."

"இருங்க மேடம். இப்ப மெயின் ஸ்விட்சை அணைங்க. அதுக்கப்புறமும் சிமிட்டுச்சுன்னா நீங்க சொல்றது சரி, ஆள் அனுப்பறோம். நின்னுட்டா, உங்க வீட்டு ஒயரிங்லேர்ந்துதான் போகுதுன்னு அர்த்தம்."

"பெவ், வேணாம்" என்றான் நெவில்.

"ஏன்?"

"ஃபிரிட்ஜ்ல சாமான் கெட்டுடும்."

"ஃபிரிட்ஜைத்தான் முன்னாடியே பிடுங்கியாச்சே."

"போனை என்கிட்ட குடு. நான் பேசிக்கிறேன் அந்தப் பையன்கிட்ட. கட்டிடலாம்னு சொன்னேன் இல்ல."

'சிமிட்டு, சிமிட்டிக்கொண்டே இரு' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு அவள் மெயினைக் கீழே தள்ளினாள். சிவப்பு விளக்கு நின்றுவிட்டது. முதலில் அவளுக்கு ஏமாற்றம்தான் வந்தது. கேரவன் போயிற்று, மன்னிப்பும் போயிற்று. அப்புறம்தான் சமையலறை முன்பைவிட இருட்டாகிவிட்டதைக் கவனித்தாள். மேசைமேல் வேலி தாண்டி விழுந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சத்தைக் காணோம். மாக்சினின் கண்ணாடி அறை அணைந்திருந்தது.

ஊருக்கே கரண்ட் போய்விட்டதோ என்றுதான் நினைத்தாள். ஆனால் சந்துவிளக்கு எரிந்தது. மாக்சின் வீட்டு மாடி ஜன்னலிலும் வெளிச்சம் இருந்தது. அந்தக் கண்ணாடி அறை மட்டும்தான் இல்லை. அவள் திரும்பி நெவிலைப் பார்த்தாள். அவன் தன் இருட்டுச் சமையலறையைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராய்க்காகப் போட்டது" என்றான் கடைசியில். "ஆக்ஸிஜன் மெஷினுக்கு. அந்த ரூம்ல பிளக் பாயின்டே கிடையாது. கொட்டகையிலேர்ந்து வேலியோரமா, அதுல படர்ந்த கொடிக்குள்ள விட்டு ஒரு ஒயர் இழுத்தேன். ரெண்டு நாளைக்குன்னுதான்."

"ராய் செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு."

"செத்த வீட்டுல போய் ஒயரைப் பிடுங்கறதா? அப்புறம் அதுலயே ஒரு ஹீட்டரை மாட்டிக்கிட்டா, விளக்கு மாட்டிக்கிட்டா. எப்படிக் கேக்கறது பெவ்?"

"யார் வீட்டுக் கரண்டுன்னு அவளுக்குத் தெரியுமா?"

அவன் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தான்.

பணம்கூடப் போகட்டும். இரண்டு குளிர்காலம் பெவர்லி இந்த மேசையில் பல் கிட்டிக்க உட்கார்ந்து மாக்சினின் அந்த வெறுங்கையைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். ஒரு சாயங்காலம்கூட விடாமல். எதிரே இவனும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அவகிட்ட ஒயரைக் கழட்டுன்னு சொல்ல உனக்கு வாய் வரல" என்றாள். "என்கிட்ட கோட்டைப் போட்டுக்கன்னு சொல்ல வந்துச்சு."

நெவில் வாயைத் திறந்தான். அதற்குள் வெளியே கண்ணாடிக் கதவு சறுக்கித் திறக்கும் சத்தம் கேட்டது. உறைபனி பிடித்த புல்லில் செருப்புக் கால் நொறுக்கிக்கொண்டு வேலிவரை வந்தது.

"நெவ்?" மாக்சினுடைய குரல். சத்தம் போடவில்லை, பக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. "மறுபடி போயிடுச்சு கண்ணு."

கண்ணு என்று அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவனைக்கூடத்தான் கூப்பிடுவார்கள். அதில் ஒன்றுமில்லை. மறுபடி என்றாளே, அதுதான். இதற்குமுன் எத்தனை தடவை போயிருக்கும், எத்தனை தடவை இவன் எழுந்துபோயிருப்பான், பள்ளிக்கூடச் சமையலறையில் இவள் அண்டா கழுவிக்கொண்டிருந்த எந்தெந்த மதியம்? நெவிலின் கை அதற்குள் கதவோரத்து ஆணியில் தொங்கிய டார்ச்சுக்குப் போயிருந்தது. யோசித்துப் போன கை இல்லை. பழகிய கை. எடுத்த பிறகுதான் அவனே அதைப் பார்த்தான். பிடித்துக்கொண்டும் நிற்கமுடியாமல், திரும்ப மாட்டவும் முடியாமல் நின்றான்.

"மேடம்?" மேசையிலிருந்து கேலம் கேட்டான். "லைன்ல இருக்கீங்களா? நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"அப்ப உங்க வீட்டு உபயோகம்தான் மேடம், மன்னிச்சுக்கங்க. மாதப் பிடித்தத்தை மாத்த முடியாது. புகாரை முடிச்சிடவா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சரி, யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப நீங்க மெயினைப் போட்டுக்கலாம்."

பெவர்லியின் விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. சந்துவிளக்கின் வெளிச்சத்தில் மாக்சின் வேலியோரம் நின்றிருந்தாள். கையில்லாத ரவிக்கை. இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டு, தோளைத் தேய்த்து, ஒரு காலை மாற்றி ஒரு கால் தூக்கி வைத்தாள். வாயிலிருந்து புகை வந்தது. பற்கள் அடித்துக்கொள்வதுகூடத் தெரிந்தது. மாக்சின் குளிரில் நடுங்கி பெவர்லி இதுவரை பார்த்ததில்லை. கோட்டை இறுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.