கம்பளி லைனிங்

தையல் ஆலையில் அவளைத் தலைவி என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கச் செயலாளர் என்பதுதான் பதவி. அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிட யாருக்குப் பொறுமை? சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. மேனேஜரோடு மல்லுக்கட்டி ஆலைக்குள்ளேயே கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் அறை வாங்கியவள். ஆனால் அந்த அறை சும்மா வரவில்லை. அரசாங்கம் கடல் தாண்டி ஒரு வெயில் நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. அங்கிருந்த பட்டாளத்துக்குச் சீருடை தைக்கும் ஆர்டருக்குச் சங்கம் முட்டுக்கட்டை போடாது என்று அவள் கையெழுத்துப் போட்டாள். மறு மாதம் தொட்டில்கள் வந்து இறங்கின.

அன்று எதிர்த்து நின்றவள் அவளுடைய நாத்தனார். அதே ஆலையில் பட்டன் பிரிவு, பட்டப்பெயர் பட்டாசு. பெயருக்கேற்ற வாய்.

"அங்க இருக்கிற ஜனத்த ஏறி மிதிக்க இங்க நாம சட்டை தச்சுக் குடுக்கணுமா, அண்ணி?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

"யாரோ எங்கேயோ போட்டுக்கப் போறாங்க, நமக்கென்ன? நம்ம புள்ளைங்க தரையில கிடக்குது, அதப் பாரு" என்றாள் தலைவி. ஒரே கைதட்டல்.

பட்டாசு விடுவாளா? "பாசிசத்துக்குப் பாதை போட்டுக் குடுக்கிறதே உங்கள மாதிரி சமூக ஜனநாயகக்காரங்கதான். பாசிஸ்டுங்களும் நீங்களும் ஒண்ணுதான்!" என்று கத்திவிட்டு, தன் தோழர்களையும் கிளப்பிக்கொண்டு சங்கத்தை விட்டே போய்விட்டாள். தனக்குக் கல்யாணம் பண்ணி வைத்த அண்ணியைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது? அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

குளிர்காலத்துக்கு முன்னால் புது ஆர்டர் வந்தது. அதே சீருடை, அதே நிறம், அதே பைகள். வெட்டு மேசையில் துணிக்கட்டைப் பிரித்த தலைவி, துணியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே வைத்துத் தைக்கக் கனமான கம்பளி லைனிங் வந்திருந்தது. அந்த வெயில் நாட்டில் இதைப் போட்டால் மனுஷன் வெந்துபோவான்.

மேனேஜரிடம் கேட்டாள்.

"புதுசா திரட்டுறாங்களே, ஒழுங்குப் படை, அதுக்குத்தான். அங்கிருந்து திரும்பி வந்த ஆளுங்கதான் பாதிப் பேர். இனிமே இங்க வேலை" என்றார் அவர். "ஏம்மா, தொட்டில் அறை வேணுமா வேணாமா?"

தலைவி லைனிங்கில் ஒரு துண்டை வெட்டி மடியில் செருகிக்கொண்டாள். ஒழுங்குப் படை என்றால் சங்கம், ஊர்வலம் என்று தெருவில் இறங்குகிறவர்களை அடக்கத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டி, லைனிங் துண்டை நீட்டி, விஷயத்தைச் சொன்னாள். பட்டாசு துண்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். வாசலை விட்டு நகரவில்லை.

"இப்பத்தான் உங்களுக்குக் குளிருதா, அண்ணி? அந்த வெயில்ல செத்தவங்கல்லாம் மனுஷங்க இல்லையா?"

"தப்புதான். நீ சொன்னப்பவே தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு வெட்ட வேணாம்னு சொல்லப் போறேன். நீ இல்லாம முடியாது." அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு ஆறவில்லை. "நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? நானும் அவனுங்களும் ஒண்ணுன்னியே. அவனுங்க முதல்ல உன்னத்தான் தேடி வருவானுங்க. அப்பப் பக்கத்துல நிக்க யாரு இருக்கா?"

பட்டாசு துண்டை நாலாக மடித்தாள்.

"சொன்னதுல பாதியத்தான் வாபஸ் வாங்குவேன்" என்றாள். "உள்ள வாங்க."

மறுநாள் காலை இரண்டு பேரும் வெட்டு மேசைக்கு முன்னால் சேர்ந்து நின்றார்கள். இந்தச் சட்டை நம் தெருவுக்குத்தான் வரப்போகிறது, யாரும் தைக்காதீர்கள் என்று தலைவி தொண்டை கிழியச் சொன்னாள். பட்டன் பிரிவு எழுந்து வந்தது. மற்ற மிஷின்கள் நிற்கவில்லை.

முன்வரிசையில் ஒருத்தி, தொட்டில் அறையில் பிள்ளையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். குரலில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை.

"யாரோ எங்கேயோ போட்டுக்கப் போறாங்க, நமக்கென்னக்கா?"

பட்டாசு நினைத்திருந்தால் அந்த நேரத்தில் ஒரு வார்த்தையில் அண்ணியைச் சுட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தலைவி அந்த மிஷினுக்கு அருகில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த வார்த்தைய உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்" என்றாள். "அது பொய்டி."

மிஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.