ஒட்டுக்கலத்துக்கு வந்த சம்பந்தம்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், சென்ற ஞாயிறு காலை நல்லூரில், மனித மூளையிலுள்ள உயிர்க்கலங்களுள் எது பெரியது என்ற கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்டது. வழங்கியவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரும் சமாதான நீதவானுமாகிய நமசிவாயம். வழங்கிய இடம், மகனுக்குப் பொம்பிளை பார்க்கப் போன வீட்டு விறாந்தை.

"பிள்ளைக்கு என்னத்திலை ஆராய்ச்சி?" என்று அவர் கேட்டதுதான் தொடக்கம்.

"கிளியாக் கலத்திலை, அங்கிள்," என்றாள் மணப்பெண் பத்மாசினி. "கிளியா எண்டால் பசை எண்டு கருத்து. நரம்புக்கலங்களை ஒட்டி வைச்சிருக்கிற சாமான் எண்டுதான் முந்தி நினைச்சவை."

"பசையோ!" நமசிவாயம் கதிரையில் நிமிர்ந்தார். காங்கேசன்துறை வரை எல்லோரிடமும், வரப்போகும் மருமகள் மூளை விஞ்ஞானி என்று சொல்லி முடித்திருந்தார். "மூளையிலை பெரியாள் நரம்புக்கலம். மற்றதெல்லாம் எடுபிடி. நீர் நரம்புக்கலத்துக்கு மாறும் பிள்ளை. அதுக்குப் பிறகு நாள் பாப்பம்."

மாறுவதில்லை என்று பத்மாசினி அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டாள். ஒரேயொரு சங்கடம், மாப்பிள்ளை சிவரூபனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் இன்னும் வாய் திறக்கவில்லை. தகப்பன் திறந்திருக்கும்போது அந்த வீட்டில் வேறு யாரும் திறக்கும் வழக்கமில்லை.

இருவரையும் தனியே கதைக்க விட்டார்கள். தனியே என்றால், மாமரத்தின் கீழ் மூன்று கதிரை. நடுவில் பத்மாசினியின் சுவர்ணா சின்னம்மா.

சிவரூபன் சின்னம்மாவைப் பார்த்துக் கேட்டான்: "அந்தப் பசை உண்மையிலை என்ன செய்யும்?"

பத்மாசினியும் சின்னம்மாவைப் பார்த்தே பதில் சொன்னாள்: "ரெண்டு நரம்புக்கலம் சந்திக்கிற இடத்திலை ஒண்டையொண்டு தொடாது. நடுவிலை ஒரு இடைவெளி. ஒண்டு இரசாயனத்தைக் கொட்டும், மற்றது பிடிக்கும். கிளியா பக்கத்திலை நிண்டு ரெண்டின்ரை கதையையும் கேக்கும். கூடக் கொட்டினதை அள்ளித் துடைக்கும். இடைக்கிடை தானும் ஒரு சொல்லுப் போடும்."

"என்னையோடி சொல்லுறாய்?" என்றார் சின்னம்மா.

இருவரும் சிரித்துவிட்டார்கள். முதன்முறையாக நேருக்கு நேர்.

"துடைக்காட்டில்?" என்று கேட்டான் சிவரூபன்.

"கொட்டினது தேங்கி நிக்கும். நரம்புக்கலம் ஓயாமல் அடிச்சுக்கொண்டே இருக்கும். வலிப்பும் வரலாம்."

விறாந்தையில் நமசிவாயம் தமது பழைய பரிசளிப்பு விழா உரையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். சிவரூபன் கொஞ்சநேரம் காது கொடுத்தான்.

"எங்கடை வீட்டிலை துடைக்க ஆளில்லை," என்றான்.

"துடைக்கிற வேலைக்கு நான் வரமாட்டன்."

"ஐயோ, நீங்கள் இல்லை. அது நான் பழகவேண்டிய வேலை. நீங்கள் ஒண்டுக்கும் மாறவேண்டாம்."

"அதை இஞ்சை சொல்லாதையும் தம்பி, அங்கை போய்ச் சொல்லும்," என்றார் சின்னம்மா.

சிவரூபன் விறாந்தைக்குப் போனான். "அப்பா, அவ பசையிலைதான் இருப்பா. எனக்கு விருப்பம்."

நமசிவாயம் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமினார். "மனித மூளை என்பது..."

சுவர்ணா சின்னம்மா வடைத் தட்டை நீட்டினார். சமாதான நீதவான் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அந்த இடைவெளியில் அவர் மனைவி குணலட்சுமி, "அப்ப ஆவணியிலை நாள் பாப்பம்," என்று முடித்துவிட்டார்.

நமசிவாயம் மென்று விழுங்கினார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"வடைக்கு உப்புக் காணாது," என்றார்.