மூன்றாம் ரோலர்

ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்புகள் வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில், மூன்றாம் ரோலருக்குப் பக்கத்தில் நிற்க யாரும் சம்மதிப்பதில்லை. ஈர விரிப்பின் நுனியைக் கொடுத்தால் கொதிக்கும் உருளைகள் அதை இழுத்துத் தேய்த்து மறுபக்கம் தள்ளும். பழைய மெஷின். சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். அப்படிச் சுற்றிய நேரத்தில்தான் சட்டைக் கை சிக்கிய ஒருவன் உள்ளே போனான்.

அவன் வேலையை நிர்வாகம் அவன் மனைவிக்குக் கொடுத்தது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டபோது அவள் மூன்றாம் ரோலரைக் காட்டினாள்.

"இவளுக்கு இருக்கறது நெஞ்சா, கருங்கல்லா?" என்றாள் இரண்டாம் ரோலரில் நிற்பவள். வாய் ஓயாததால் அவளுக்கு வானொலி என்று பெயர். "ஆவி விடறப்போ யாரோ பேசற மாதிரியே இருக்குடி அது."

மூன்றாம் ரோலரில் நின்றவளுக்கும் கேட்கத்தான் செய்தது. ஆவி அடங்குகிற கடைசி மூச்சில், "இந்தா..." என்று. வீட்டில் அவன் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். யாரிடமும் அவள் சொல்லவில்லை. உதடு அசையாமல் "ம்" என்றுவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பாள்.

சங்கச் செயலாளர் அவளுடைய கொழுந்தன். புது ஒப்பந்தத்துக்கான கோரிக்கைகளில் மூன்றாம் ரோலரை அகற்றுவதைத்தான் முதலில் வைத்திருந்தான். விடுப்பு, சம்பளம், கையுறை எல்லாவற்றுக்கும் நிர்வாகம் இறங்கி வந்தது. ரோலருக்கு மட்டும் மசியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தான்.

"அண்ணி, உங்களைக் காட்டியே எங்க வாயை அடைக்கிறாங்க. செத்தவன் பொண்டாட்டியே தைரியமா நிக்கறா, உங்களுக்கென்ன கேடுன்னு கேக்கறார் மேனேஜர். ரோலரை விட்டுட்டா சம்பளத்தை இன்னும் ஏத்தறாராம். நம்ம ஆளுங்கள்ல பாதிப்பேர் தலையாட்டிட்டாங்க."

"அப்ப விட்டுடேன் தம்பி."

"அண்ணன் போன மெஷின் அண்ணி அது!"

"எனக்குத் தெரியாதா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்குச் சாயங்காலம் கடைசிப் பேச்சு. நீங்க வந்து, பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியை அழைத்து வந்தார். கைக்குழந்தைக்காரி. பாலூட்டிவிட்டு ஓடிவந்த அவசரம் முகத்தில் இருந்தது. "அடுத்த வாரத்துலேர்ந்து இவளும் இந்த ரோலர்தான். கத்துக்கொடு" என்றார்.

புதியவள் சுறுசுறுப்பானவள். மத்தியானத்துக்குள் கை பழகிவிட்டது. பின்னால் குவிந்திருந்த விரிப்புகளை எடுக்க இவள் திரும்பினாள். ஆவி சீறி அடங்கியது. திரும்பிப் பார்த்தபோது, ரோலரின் முன்னே புதியவள் குனிந்து, எதையோ வாங்கிக்கொள்ளப் போகிறவள் போல உள்ளங்கையை நீட்டியிருந்தாள்.

இவள் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஈரத் துணிமேல் விழுந்தார்கள்.

"என்னடி பண்ணே?"

"இந்தான்னு சொன்னீங்களேக்கா," என்றாள் புதியவள், விழித்தபடி. "ஏதோ குடுக்கறீங்கன்னு..."

இவள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம், கூப்பிடாமலே பேச்சுவார்த்தை அறைக்குள் போய் நின்றாள். மேஜைமேல் ஆறிப்போன தேநீர் ஏடு கட்டியிருந்தது. கொழுந்தன் அவசரமாக எழுந்து நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை.

"சொல்லும்மா," என்றார் மேனேஜர் மரியாதையாக. "அந்த மெஷின்ல நிக்க உனக்குப் பயமா இருக்கா?"

"இல்லீங்க."

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அதுதாங்க ஆபத்து. பயப்படறவ கையை இழுத்துக்குவா. எனக்குக் கையை உள்ள விடணும்னு தோணுது. தினம் தோணுது. எட்டிப் பிடிச்சா அவர் வந்துடுவார்னு." அவள் குரல் உடையவில்லை. "நான் எப்படிப் போனா என்ன. இன்னிக்கு ஒரு பிள்ளை பெத்தவ கையை நீட்டினா. அவ வீட்ல பால் குடிக்கற குழந்தை இருக்கு."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா நின்றது. சங்கத்தார் வரிசையில் உட்கார்ந்திருந்த வானொலிதான் முதலில் பேசினாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீங்க ஏத்தித் தரேன்னது வேணாம் சார். மெஷினை எடுங்க."

தலையாட்டியிருந்தவர்களும் ஒவ்வொருவராக "எடுங்க" என்றார்கள். இருட்டுவதற்குள் கையெழுத்தாகிவிட்டது.

ரோலரைத் துண்டுதுண்டாக அறுத்து லாரியில் ஏற்றிய அன்று சலவைக்கூடமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் மட்டும் உள்ளே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் கொழுந்தனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு வைத்தாள், துணி துவைத்தாள், அவ்வளவுதான். ஒரு மாலை அவன் சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது, அவள் அடுத்த அறையில் விளக்கில்லாமல், எதையோ உற்றுக் கேட்பவள் போலச் சுவரோரம் உட்கார்ந்திருப்பதைக் கண்டான்.

"என்மேல கோவமா அண்ணி? விளக்கைப் போடட்டுமா?"

"வேணாம்," என்றாள். "கொஞ்ச நேரம் சத்தம் போடாம இரு."

எச்சில் தட்டைக் கழுவக் குழாயைத் திறக்கவும் துணியாமல், அதைக் கையில் பிடித்தபடி அவன் அப்படியே நின்றான்.