லைல் பாஸ்கோவின் படகு லைசென்ஸ்

மூன்றாவது மாடிக் கூரையின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் தின்பது லைல் பாஸ்கோவுக்கு அன்றாட வழக்கம். ஓடு வேய்வதில் தாரவாங் என்ற அந்தக் கடலோர ஊரில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பத்து நாலு வயதாகியும் எந்தக் காற்றிலும் அவன் கால் நடுங்கியதில்லை. ஆனால் யாராவது ஒரு தாளை நீட்டி இதைக் கொஞ்சம் படி என்றால் போதும், ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவான்.

லைலுக்குப் படிக்க வராது. எண்கள் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்தைப் பார்த்தால் எறும்புக் கூட்டம்தான். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்தவர்கள் அப்படியே மறந்துபோனார்கள். சாப்பாட்டுக் கடையில் முன்னால் இருப்பவன் எதைக் கேட்கிறானோ, "எனக்கும் அதேதான்" என்பான். வேலைத்தளத்தில் "கையெல்லாம் சிமெண்டு, நீயே படி" என்பான். ஊரில் இந்த விஷயம் அவன் மனைவி ரேலீன் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

"என்ன மாப்ள, படகு வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. வாசல்ல நிறுத்தி வச்சு புல்லுக்கு நிழல் குடுக்கறியா?" என்று பார்னி வம்புக்கு இழுத்தான். பத்து வருடமாக லைலுடன் ஒரே கூரையில் வேலை செய்பவன்.

"லைசென்ஸ் எடுக்கணும்டா."

"கெல்கிட்ட போ. தூண்டில் கடைக்குப் பின்னாடி. ரெண்டே மணி நேரம், எல்லாத்தையும் அவனே எழுதிக்குவான். நான் அங்கதான முடிச்சேன்? இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் ஏன்னு கேக்கல."

"அவன் அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஆளா?"

"சுவத்துல இவ்ளோ பெரிய சான்றிதழ் மாட்டி வச்சிருக்கான். சந்தேகம்னா நின்னு படிச்சுக்கோ!"

கூரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். லைலும் சேர்ந்து சிரித்தான்.

ஆனாலும் அவன் முதலில் நல்ல இடத்துக்குத்தான் போனான், ரேலீன் விடாப்பிடியாக நின்றதால். கடல் மீட்புத் தொண்டர்களின் நிலையத்தில் பெவ் காரிகன் நடத்தும் வகுப்பு, அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளது. ஒரு நாள் முழுக்கப் பாடம், பிறகு படகில் பயிற்சி, கடைசியில் பரீட்சை.

"முன்னாடியே போன் பண்ணி பெவ்கிட்ட சொல்லிடு லைல். அவங்க வாய்விட்டுப் படிச்சுக் காட்டுவாங்க" என்றாள் ரேலீன்.

"ஊரெல்லாம் தமுக்கு அடிக்கச் சொல்றியா?"

பெவ் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தாள். ஆளுக்கொரு பத்தியாகச் சத்தம் போட்டுப் படிக்கலாம் என்றாள். மேசையைச் சுற்றிப் படிப்பு நகர்ந்து வந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கடகடவென்று படித்தாள். லைலுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். அவன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தான்.

"கண்ணாடியை வண்டியிலயே வச்சிட்டேன். இதோ வந்துர்றேன்" என்று எழுந்து போனவன், வண்டியைக் கிளப்பிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் இருந்த புத்தகத்தைச் சமையலறை மேசையில் எறிந்தான்.

அடுத்த புதன்கிழமை கெல்லின் கொட்டகைக்குப் போனான். கெல் பீர் டப்பாவைத் திறந்துகொண்டே, சிவப்பு மிதவை எந்தப் பக்கம், பச்சை மிதவை எந்தப் பக்கம் என்று சொன்னான். முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டுவது எப்படி என்று லைல் கேட்டதற்கு, "முன்னாடி போற படகு பின்னாடியே போ, அவ்ளோதான்" என்று கண்ணடித்தான். பரீட்சைத் தாளைத் தானே நிரப்பி முத்திரை குத்தினான். லைசென்ஸ் அட்டை வந்து சேரும்வரை இந்தத் தாளே போதும் என்றும் சொன்னான். தண்ணீரில் கால்கூட நனைக்காமல் லைல் படகோட்டி ஆகிவிட்டான்.

ரேலீன் அன்று மாலையே கைபேசியில் அங்கீகாரப் பட்டியலைத் தேடிப் பார்த்தாள்.

"கெல் பேரு இதுல இல்லையே."

"வேற கம்பெனி பேர்ல இருக்காம். விடு."

அவள் விட்டுவிட்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவன் முகம் சுருங்கிப்போகும் என்று தெரியும். பத்தொன்பது வருடமாக அந்த முகத்தைக் காப்பாற்றியே பழகியவள். ஆனால் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். சனிக்கிழமை படகில் ஏறும்போது அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். லைஃப் ஜாக்கெட்டையும் வாரை இறுக்கி மாட்டிக்கொண்டாள். லைல் தன்னுடையதை இருக்கைக்கு அடியில் போட்டிருந்தான்.

காலை எட்டு மணிக்குக் கடல் நிறைந்து நின்றது. முகத்துவாரம் குளம் மாதிரி கிடந்தது. "பாத்தியா? இதுக்கா ஒரு நாள் பாடம்?" என்றான் லைல். அவளும் சிரித்தாள். வெளியே போய் நாலு மீன் பிடித்தார்கள். ரொட்டியும் குளிர்ந்த கோழியும் தின்றார்கள். அவர்கள் சேர்ந்து இப்படி ஒரு காலைப்பொழுதைக் கழித்து வெகுநாள் ஆகியிருந்தது.

பதினொன்றரைக்குத் திரும்பியபோது அந்தக் குளத்தைக் காணோம். கடல் வற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் முழுவதும் குறுகலான வாய் வழியாக வெளியே பாய, உள்ளே வரும் அலைகள் அதில் முட்டிச் செங்குத்தாக எழுந்து நின்று உடைந்தன.

"லைல், நில்லு. தண்ணி வெளிய போறப்ப உள்ள நுழையக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றாள் ரேலீன்.

"எங்க போட்டிருக்கு?"

"புத்தகத்துல."

அந்தச் சொல்தான் அவனைக் கிளப்பிவிட்டது. முன்னால் ஒரு பெரிய படகு உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே விட்டான். முதல் அலை பின்பக்கத்தைத் தூக்கியது. படகின் மூக்கு தண்ணீரில் குத்தி, உடம்பு பக்கவாட்டில் திரும்பியது. ரேலீன் தூக்கி எறியப்பட்டு இரும்புக் கம்பியில் தோளோடு மோதினாள். மீன்பெட்டி கடலுக்குள் போயிற்று. கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. அடுத்த அலை வருவதற்குள் எப்படியோ படகைக் கடல் பக்கம் திருப்பி வெளியே கொண்டுவந்துவிட்டான். அது அவன் சாமர்த்தியமில்லை, வெறும் அதிர்ஷ்டம். அவனுக்கே அது தெரிந்தது.

ரேலீனின் வலது கை துவண்டு தொங்கியது. வாந்தி எடுத்தாள். உதடு வெளுத்துவிட்டது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ரேடியோ... பதினாறாம் நம்பர்... பெவ்வைக் கூப்பிடு."

"அந்த லைன்ல ஊரே கேட்டுக்கிட்டு இருக்கும்."

"கேக்கட்டும் லைல்!"

அவன் படகு ரேடியோவின் பொத்தானை அழுத்தித் தன் பேரைச் சொன்னான். பெவ்வின் குரல் நிதானமாக வந்தது. எத்தனை பேர், என்ன காயம், எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்டாள்.

"எங்க மீட்புப் படகு வடக்க ஒருத்தரைக் கட்டி இழுக்கப் போயிருக்கு. வர ஒன்றரை மணி நேரம் ஆகும். தெற்குக் காத்து முக்கா மணியில வந்துரும். அதுக்கு முன்னாடி நீங்க உள்ள வந்தாகணும். எனக்கு எங்க நிலையக் கோபுரத்துல இருந்து அலை தெரியுது, வழி சொல்றேன். என் வகுப்புல பாதியில போயிட்டீங்களே, அப்புறம் எங்க பாடம் எடுத்தீங்க?"

"கெல்கிட்ட."

"சரி. எங்க புத்தகம் இருக்கா கையில?"

"இருக்கு."

"பதினாலாம் பக்கம். முகத்துவாரத்துல உள்ள வர்ற முறை, ஆறு வரி. எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க. உங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாத்தான் நான் உள்ள கூப்பிடுவேன்."

பக்கத்தை எடுத்துவிட்டான், எண் தெரியுமே. கீழே எறும்புகள் ஊர்ந்தன. ரேலீன் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். படிச்சிட்டேன், புரிஞ்சுது என்று சொல்லிவிடலாம். இத்தனை வருடமாக அப்படித்தானே சமாளித்தான்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தப் பொய். வெளியே இருக்கும் முப்பது படகிலும், துறையில் நிற்கும் வண்டிகளிலும் இந்த ரேடியோதான் ஓடிக்கொண்டிருக்கும். பார்னியின் வண்டியிலும்தான். லைல் மனைவியின் தொங்கும் கையைப் பார்த்தான். பொத்தானை அழுத்தினான்.

"பெவ், எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னிக்கு கண்ணாடின்னு சொன்னது பொய். எழுத்தே தெரியாது எனக்கு."

ரேடியோ இரைந்தது.

"சரிப்பா" என்றாள் பெவ். இப்போது குரலில் மரியாதைப் பேச்சு போய்ச் சொந்தம் வந்திருந்தது. "அப்ப காதுல வாங்கு. முதல்ல லைஃப் ஜாக்கெட்டைப் போடு. போட்டியா? ரேலீனைத் தரையில நடுவுல உக்கார வை. எஞ்சினை நிறுத்துற கயித்தை உன் மணிக்கட்டுல மாட்டு. இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு."

சொன்னான்.

"ஒரு அலையோட முதுகுல ஏறிக்கணும். அதை முந்தவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. நுழைஞ்சிட்டா என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. திருப்பிச் சொல்லு."

மறுபடியும் சொன்னான். எழுத்தில்லாமல் பிழைத்தவனுக்கு ஞாபகம் மட்டும் குறைவில்லை. ஒரு சொல் பிசகவில்லை.

"பெரிய அலை மூணு வருது, விடு... விடு... இன்னொண்ணு... இப்ப! இதோட முதுகுல ஏறு!"

எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியைத் தள்ளினான். முன்னால் பச்சைச் சுவர் ஒன்று ஓடியது. பின்னால் இன்னொன்று உறுமிக்கொண்டு துரத்தியது. திரும்பிப் பார்க்கத் தலை துடித்தது. "பின்னாடி பாக்காதே லைல், முன்னாடி இருக்கிறதை மட்டும் பாரு. வேகத்தைக் கொஞ்சம் குறை. அப்படியே புடி" என்றது குரல். முன் அலை உடைந்து வெள்ளையாகச் சிதறியது. படகு அந்த நுரையில் வழுக்கி ஆடியது. ரேலீன் இடது கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் என்று நினைத்த கணத்தில் ஆட்டம் நின்றது. ஆறு வந்துவிட்டது.

துறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. தோள் மூட்டு இறங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை என்றார்கள். லைல் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பெவ் கோபுரத்திலிருந்து இறங்கி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"என் வகுப்புல பரீட்சைக் கேள்வியை நான் படிச்சுக் காட்டுவேன்ப்பா. வருஷத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னிக்கு நான் சொன்னதையெல்லாம் அன்னிக்கே டீ குடிச்சுக்கிட்டுக் கேட்டிருப்பே."

"கெல்லோட தாளு...?"

"செல்லாது. அவனுக்குக் குடுத்த அங்கீகாரத்தை மூணு வருஷம் முன்னாடியே பறிச்சிட்டாங்க. பட்டியல்ல பேர் இருக்கான்னு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டாலே சொல்லியிருப்பாங்க. நீ முழுசாத் தேறி அட்டை கைக்கு வர்ற வரைக்கும் அந்தப் படகைத் தொடக் கூடாது."

லைல் தலையாட்டினான். பார்னி தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். கிண்டல் வரப்போகிறது என்று லைல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஆனால் பார்னியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"எல்லாத்தையும் கேட்டேன் மாப்ள. போன கிறிஸ்துமஸுக்கு என் பிள்ளைங்க ரெண்டையும் ஏத்திக்கிட்டு அதே எடத்தைத் தாண்டினேன்டா. அதே கெல் குடுத்த தாளை வச்சுக்கிட்டு." தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "பெவ் வகுப்புக்கு நானும் வரட்டுமா? அவ்ளோ பேர் முன்னாடி, தெரியாம இத்தனை நாள் ஓட்டினேன்னு சொல்றதுக்குத்தான் ஒரு மாதிரி இருக்கு."

லைல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஆம்புலன்ஸில் ரேலீனுக்குப் பக்கத்தில் ஏறப் போனவன் படியில் நின்று திரும்பினான்.

"வா, ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லுவோம். கெல் குடுத்த தாளை மனுஷங்ககிட்ட காட்டி ஏமாத்தலாம் மாப்ள, அலைகிட்ட காட்ட முடியாது. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அஞ்சு நிமிஷம் மானம் போகும், அப்புறம் அது தானா திரும்பி வந்துரும். நான் அதை மறைக்கப் போயி, இன்னிக்கு இவளைத் தொலைச்சிருப்பேன்டா."

கதவு சாத்தப்பட்டது. லைல் மனைவியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.