இருட்டில் தெரிகிற ஆள்

மீன்கிடங்கு ஒழுங்கையில் செத்தவர்களும் அதே ஒழுங்கையில் கொட்டாவி விட்டவர்களும் ஒரே கேமைத்தான் விளையாடியிருந்தார்கள். அது எப்படி என்பதுதான் சயந்தினிக்குப் பிடிபடவில்லை.

கேமின் பெயர் 'மழைத்துறை'. தீவுப் பக்கத்துச் சுருவில் கிராமத்தில் ஓர் அறைக்குள் இருந்து அவள் நிரல் எழுத, கனடாவில் ஸ்காபறோவில் இருந்து அண்ணன் சசிகரன் படங்களைக் கீறி அனுப்ப, இரண்டு பேருமாகச் சேர்ந்து வளர்த்த பிள்ளை அது. நிறம் கறுப்பும் வெள்ளையும் மட்டும். மழை ஓயாத ஒரு துறைமுகப் பட்டினம், மங்கல் தெருவிளக்குகள், நனைந்த தெருவில் அவற்றின் பிம்பம், நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட சேவியர் என்ற துப்பறிவாளன். அவனைச் சுட ஊர் முழுக்க அடியாட்கள். சேவியரும் சுடுவான். ஆனால் அவனுடைய மெய்யான ஆயுதம் நிழல்தான். நிழலுக்குள் நின்றால் அடியாட்களுக்குத் தெரியமாட்டான், வெளிச்சத்துக்கு வந்தால் தெரிவான். அவ்வளவுதான் கேம்.

"சுடாமல் விளையாட உலகத்திலை ஒண்டும் இல்லையே?" என்று அம்மா இரஞ்சிதம் தொடக்கத்தில் கேட்டிருந்தா.

"சுடாமலும் போகலாம் அம்மா. ஒளிச்சு ஒளிச்சுப் போகலாம்."

"அப்ப பறவாயில்லை. ஒளிக்கிறது எங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

முதல் மூன்று கட்டங்களை மட்டும் மாதிரிப் பதிப்பாக இணையத்தில் விட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்து விளையாடிப் பார்த்துக் கருத்து எழுதலாம். எழுதினார்கள். படம் நல்லது, மழைச் சத்தம் நல்லது, துவக்குச் சத்தம் கொஞ்சம் பட்டாசு போல இருக்கிறது, சேவியர் ஏன் ஒருநாளும் சிரிப்பதில்லை. இதெல்லாம் ஒரு கேம் எழுதியவள் கேட்டுக்கொள்ளக்கூடிய பேச்சு. சிக்கல் மூன்றாம் கட்டத்தில், மீன்கிடங்கு ஒழுங்கை என்ற ஒடுங்கிய சந்தில் தொடங்கியது.

'இந்த ஒழுங்கையில் அடியாட்கள் எல்லாரும் குருடர்,' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'விளக்குக்குக் கீழே நின்று நடனம் ஆடினேன். திரும்பிப் பார்க்க ஒரு நாய் இல்லை.'

அதற்கு நேர் கீழே இன்னொருவர்: 'அடியாட்களுக்கு ஆந்தைக் கண். கும்மிருட்டில் சுவரோடு சுவராக மூச்சு விடாமல் நின்றேன். நெற்றியில் சுட்டான்.'

ஒரு பெண்: 'மழை அவ்வளவு அழகு. செத்த பிறகு விழுந்து கிடந்து பார்க்க நல்ல நேரம் கிடைத்தது. நிறைய நேரம் கிடைத்தது.'

சிலி நாட்டில் இருந்து ஒருவன்: 'சனி இரவு நான் வீரன். ஞாயிறு காலை, அதே கதிரை, அதே கணினி, நான் பிணம். பூசைக்குப் போகாததற்குத் தண்டனையா?'

இடையிடையே நாலைந்து பேர், 'சரியான அளவு, கை வைக்க வேண்டாம்' என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களால் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மெல்பேணில் இருந்த ஒரு வெளியீட்டு நிறுவனத்துக்கு 'மழைத்துறை' பிடித்திருந்தது. அவர்கள் எடுத்தால் மிச்சக் கட்டங்களை முடித்து உலகம் முழுக்க விற்கலாம். எடுக்காவிட்டால், அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, சயந்தினி கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் போய்ச் சேரவேண்டும். வெள்ளவத்தையில் அறைகூடப் பார்த்தாயிற்று. மெல்பேண்காரர் அனுப்பிய கடைசி மின்னஞ்சல் தன்மையாகத்தான் இருந்தது: 'பாதிப் பேர் மிக இலகு என்கிறார்கள், பாதிப் பேர் முடியவே முடியாது என்கிறார்கள். பிழை இருப்பதில் எங்களுக்குப் பயமில்லை. ஆனால் தங்கள் கேம் ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களோடு நாங்கள் கையெழுத்து வைப்பதில்லை. காரணத்தை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லித் திருத்திக் காட்டினால், ஒப்பந்தம் உங்களுடையது.'

சசிகரன் போனில் வந்தான்.

"மெசின் வித்தியாசமா இருக்கும் சயந்தி. பழைய மெசினிலை அடியாள் மெதுவா யோசிப்பான்."

"அது பாத்திட்டன் அண்ணா. ஒரே மாதிரி மெசின் வச்சிருக்கிற ரெண்டு பேர். ஒராள் செத்துக்கொண்டே இருக்கிறார், மற்றாள் நித்திரை கொள்ளுறார்."

"அப்ப ஆக்களின்ர கெட்டித்தனம்."

"சிலிக்காரன்? ஒரு இரவுக்குள்ளை கெட்டித்தனம் எங்கை போகும்?"

"சனி இரவு குடிச்சிருப்பான்."

"குடிச்சிட்டுத்தான் வெண்டவன் எண்டால் அதுக்கும் ஒரு காரணம் வேணும்தானே."

சேவியரின் கோட்டை வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கித் தருவதாகச் சசிகரன் சொன்னான்.

அடியாட்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைச் செய்ததில் சயந்தினிக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒவ்வொரு அடியாளும் ஓயாமல் மூன்று கேள்வி கேட்பான். சேவியர் எனக்கு முன்னால் நிற்கிறானா? இடையில் சுவர் இருக்கிறதா? அவன் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது? முதல் இரண்டும் சுகமான கணக்கு. மூன்றாவதுதான் தலையிடி. ஒழுங்கையில் எத்தனையோ விளக்குகள், அவற்றின் பிம்பம் ஈரத் தெருவில், அதிலிருந்து தெறிக்கிற வெளிச்சம் மறுபடி சுவரில். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் கணினி மூச்சு வாங்கும்.

சயந்தினி ஒரு குறுக்குவழி பிடித்தாள். திரைக்குப் போகிற படத்தில் இந்த வெளிச்சம் எல்லாம் ஏற்கெனவே கீறப்பட்டுத்தானே இருக்கிறது? அந்தப் படத்தில் சேவியர் நிற்கும் இடத்தை மட்டும் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்து, அது எவ்வளவு வெள்ளை என்று பார்த்தால் போதும். வெள்ளை கூடினால் ஆள் வெளிச்சத்தில் நிற்கிறான், குறைந்தால் இருட்டில் நிற்கிறான். கறுப்பு வெள்ளைக் கேம் என்றபடியால் இது பிசகில்லாமல் வேலை செய்தது. அவள் வீட்டில் விளையாடிய போதெல்லாம் நிழலில் ஒளிந்தால் தப்பினாள், விளக்குக்குக் கீழ் போனால் சூடு வாங்கினாள்.

வியாழக்கிழமை காலை அஞ்சலா போன் எடுத்தாள். அஞ்சலா பள்ளிக்கூடத் தோழி. ஊர்காவற்றுறையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே போட்டோக்கொப்பியும் போன் ரீலோட்டும் செய்கிற கடை வைத்திருந்தாள். கடையில் சனம் இல்லாத நேரம் காரைநகர்ப் பெடியளோடு போனில் சுடுகிற கேம் விளையாடி அவர்களை அழவைப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

"உன்ர சேவியர் சரியான விசரன்," என்றாள். "நிழலுக்கைதான் நிக்கிறான். ஆனா ஊருக்கே தெரியுது. நான் ஒழுங்கைக்குள்ளை காலை வைக்க முந்திச் சுடுறாங்கள்."

"நீ ஓடியிருப்பாய்."

"நான் ஊர்ந்தனான். எனக்குச் சொல்லித்தாறியோ சுடுபடாமல் போக? வந்து பார்."

சயந்தினி லப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போய் இறங்கினாள்.

கடையில் அஞ்சலா சொன்னது பொய்யில்லை. அவள் கணினியில் சேவியர் சுவரோரம் கரிய நிழலில் ஊர்ந்தான், இரண்டு பக்கமும் இருந்து சூடு வாங்கி விழுந்தான். சயந்தினி கதிரையை மாற்றிக்கொண்டு தானே விளையாடினாள். விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். தான் எழுதிய ஒழுங்கையில், தான் எழுதிய அடியாட்களின் கையால் இருட்டுக்குள் வைத்துச் சாவது அவளுக்கு இதுதான் முதல் தரம்.

"எப்பிடி?" என்றாள் அஞ்சலா, வலு சந்தோசமாக.

"உன்ர மெசின்தான் பிழை."

"ஓமோம், மெசின். உன்ரயைத் திற பாப்பம்."

லப்டொப்பைத் திறந்தால், திரையில் சேவியரையும் காணவில்லை, ஒழுங்கையையும் காணவில்லை. கடை வாசல் தெருவைப் பார்த்தபடி. வெளியே வெயில் கொளுத்தியது. திரைக் கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் இவர்கள் இரண்டு பேருடைய முகமும், பின்னால் ஒரு பஸ்ஸும்தான்.

"ஒண்டும் தெரியேல்லை," என்றாள் சயந்தினி.

"தெரியாதுதானே. உதிலை ஏத்திவிடு." அஞ்சலா குனிந்து கேமின் அமைப்புக்குள் போய், படத்தை வெளிக்கவும் மங்கவும் வைக்கிற வெளிச்சக் கோலை வலதுபக்கம் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டாள். "நான் எந்தக் கேமெண்டாலும் முதல் செய்யிற வேலை இது. இந்தக் கடையிலை வேறை வழியில்லை."

இப்போது ஒழுங்கை வடிவாகத் தெரிந்தது. சயந்தினி ஊர்ந்தாள். இத்தனை மாதமாகத் தன்னைக் கைவிடாத அதே லப்டொப்பில், பெட்டிகளுக்குப் பக்கத்து நிழலில், நெற்றியில் சூடு விழுந்தது.

மெசின் தன்னுடையது. விளையாடினது தான். ஒழுங்கை அதே ஒழுங்கை. வீட்டில் இருந்து இங்கே வருவதற்குள் மாறினது ஒன்றே ஒன்றுதான்.

கோலை இடதுபக்கம் கடைசி வரைக்கும் இழுத்தாள். திரை தார் பூசியது போல ஆயிற்று. ஒழுங்கை மனப்பாடம் என்பதால் கண் தெரியாதவள் போலச் சேவியரை நடத்திக்கொண்டு போய், மங்கலாகத் தெரிந்த ஒரு விளக்குக்கு நேர் கீழே நிறுத்தினாள். காத்திருந்தாள். யாரும் சுடவில்லை. அடியாளின் மூக்குக்கு முன்னால் அங்கும் இங்கும் நடந்தாள். அவன் அசையவில்லை.

"செத்திட்டானோ?" என்றாள் அஞ்சலா.

"இல்லை. எங்களைத் தெரியேல்லை."

கோலை ஏற்றினாள், சூடு. இறக்கினாள், அமைதி. நடுவில் விட்டாள், எல்லாம் வீட்டில் மாதிரி ஒழுங்காக நடந்தது. கோல்தான் காரணம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் விளையாடுகிறவர் தன் கண்ணுக்காகத் தொடுகிற கோல் அடியாளின் கண்ணுக்குள் எப்படிப் போகும்?

அந்த நேரம் பார்த்து வாசலில் அப்புத்துரை அண்ணை வந்து நின்றார். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர். அஞ்சலா காலமை எடுத்துக் கொடுத்த அடையாள அட்டைக் கொப்பி கையில் இருந்தது.

"பிள்ளை, இதிலை இருக்கிறது ஆர்? முகம் அடுப்புக்கரி மாதிரிக் கிடக்கு."

"நீங்கள்தான் அண்ணை. வெயில் கூட."

"வெயிலிலை காதும் மறையுமோ?"

அஞ்சலா சிரித்துக்கொண்டு அட்டையை வாங்கி மெசினில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு கொப்பி எடுத்தாள். இந்த முறை முகத்தில் மூக்கும் காதும் வந்தன. அப்புத்துரை அண்ணை கொப்பியைப் பார்த்தார், பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட்டையிலை ஒரு மாத்தமும் இல்லைத்தானே?"

"அட்டைக்கு என்ன அண்ணை நடக்கப்போகுது. கொப்பிதானே வெளிக்கும்."

சயந்தினி கதிரையை விட்டு எழும்பினாள்.

"அஞ்சலா, என்ர அடியாக்கள் அட்டையைப் பாக்கேல்லை. கொப்பியைப் பாக்கினம்."

"என்ன சொல்லுறாய்?"

"இஞ்சை பார். ஒழுங்கையின்ர மெய்யான வெளிச்சம் அட்டை மாதிரி. அதுக்கு மேலை கோலை வச்சுக் கூட்டிக் குறைச்சுத் திரைக்கு அனுப்பிற படம் கொப்பி. விளையாடுற ஆளுக்குக் கொப்பி காணும். அடியாளுக்கு அட்டையைக் காட்ட வேணும். நான் அவனுக்கும் கொப்பியைக் குடுத்திருக்கிறன். நீ வெளிச்சத்தைக் கூட்டினால் சேவியரும் வெளிக்கிறான், உடனை அடியாளுக்கும் தெரியிறான்."

"அப்ப நான் கண் தெரிய வேணுமெண்டு லைற்றைப் போட்டால், கள்ளனுக்கும் லைற்றைப் போட்டுக் குடுக்கிறன்."

"ஓம். சிலிக்காரன் இரவு கோலை இறக்கிப்போட்டு விளையாடியிருப்பான். காலமை வெயில் வர ஏத்தியிருப்பான்."

"உனக்கு ஏன் இவ்வளவு நாளும் தெரியேல்லை?"

சயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கிளம்பிய நாளில் இருந்து அது உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. லப்டொப் பழுதாகிவிடும் என்று அவள் தன் அறை யன்னலைத் திறப்பதே இல்லை. அந்த அரை இருட்டில் அவளுக்குக் கோலைத் தொடவேண்டிய தேவை வரவில்லை. கோலே கடைசி நேரத்தில் சேர்த்ததுதான். 'சிலருக்குப் படம் மங்கலாக இருக்கும், ஒரு கோல் வை' என்று சசிகரன் சொல்ல, அவசரத்தில் அதை ஓரிடத்தில் செருகியிருந்தாள். செருகின இடம் ஒழுங்கை கீறி முடிந்த பிறகு, ஆனால் அடியாள் பார்ப்பதற்கு முன்பு.

"உங்களுக்கு நல்லா விளங்குது போல," என்றார் அப்புத்துரை அண்ணை. "எனக்கு இன்னுமொரு கொப்பி வேணும்."

திருத்தம் பெரிய வேலையில்லை. அஞ்சலாவின் கடையிலேயே இருந்து, இரண்டு வரியின் இடத்தை மாற்றினாள். முதலில் படம் கீறப்படும், அடுத்து அடியாள் பார்ப்பான், அதற்குப் பிறகுதான் கோல் அந்தப் படத்தைத் தொடும். பிறகு கோலை வலது கடைசியில் வைத்து அஞ்சலாவிடம் கொடுத்தாள். பளீரென்று தெரிந்த திரையில், நிழலோடு நிழலாக, சேவியர் ஒழுங்கையின் அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தான். கோலை இடது கடைசியில் வைத்து விளக்குக்குக் கீழ் நிறுத்தினார்கள். உடனே சுட்டார்கள்.

"இப்பதான் சரி," என்றாள் அஞ்சலா. செத்ததற்கு அவள் இவ்வளவு சந்தோசப்பட்டது அதுதான் முதல் தரம்.

புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு, சயந்தினி அந்தக் கதிரையில் இருந்தபடியே மெல்பேணுக்கு எழுதினாள்:

'காரணம் தெரிந்துவிட்டது. விளையாடுபவர் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியாட்களின் பார்வையும் கூடியது, குறைத்தால் அதுவும் குறைந்தது. அதனால்தான் பகலில் விளையாடியவர்கள் செத்தார்கள், இருட்டறையில் விளையாடியவர்களுக்கு அலுத்தது. இப்போது அடியாட்கள் வெளிச்சக் கோல் தொடுவதற்கு முன்னைய படத்தைப் பார்க்கிறார்கள். கோல் கடைசியாக, திரைக்குப் போகும் படத்தை மட்டும் மாற்றுகிறது.'